ஹேண்ட் பிரேக் வெற்றிவேல்

உப்பளத்து டாக்சி ஸ்டாண்டில் போய் வெற்றிவேல் என்று கேட்டால், எந்த வெற்றிவேல் என்பார்கள். ஹேண்ட் பிரேக் வெற்றிவேல் என்று கேளுங்கள், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான் நான், சிவசங்கரி. ஹேண்ட் பிரேக்கை இறக்க மறந்து சென்னையிலிருந்து புதுச்சேரி வரைக்கும் கார் ஓட்டி வந்து, பின் பிரேக்கை வேகவைத்து, கருவடிக்குப்பத்தில் ஒரு மீன்காரம்மாவின் காலை எடுத்தவர் என்று என் வீட்டுக்காரருக்குப் பெயர். நேற்று லைசென்ஸ் எடுத்த பயல்கள்கூட, "இன்னாண்ணே, எறக்கிட்டீங்களா?" என்று கேட்கிறான்கள். கேட்கிற வாயில் கொள்ளிக்கட்டையை வைக்கலாம் போல எனக்கு வரும்.

மறதியாம், மறதி! கேஸ் சிலிண்டரை நான் மூடினேனா என்று படுத்த பிறகும் எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள் அவர். பதினெட்டு வயதில் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். அவர் மறக்கவில்லை. தெரிந்தேதான் ஹேண்ட் பிரேக்கை ஒரே ஒரு கிளிக் தூக்கி வைத்து ஓட்டினார். அப்படி ஓட்டச் சொன்னவர் அவருடைய முதலாளி கிருஷ்ணசாமி. எல்லாம் காரில் மாட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டிக்காக.

கிருஷ்ணசாமிக்குச் சேதராப்பட்டில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனி. இரண்டாயிரத்து எட்டில் பெரிய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். வாங்கிய கையோடு அதிலிருந்த ரேடியோவைப் பிடுங்கிவிட்டு டச் ஸ்கிரீன் மாட்டினார். பாட்டு, படம், டிவி எல்லாம் அதற்குள். பிடித்துத் திருக ஒரு குமிழ் கிடையாது, அழுத்த ஒரு பொத்தான் கிடையாது. எதற்கும் கண்ணாடியைத்தான் தொட வேண்டும். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி மாலை போட்டு நிறுத்தினார்கள். முதலாளியம்மா பக்தியோடு அந்தக் கண்ணாடிக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். விரல் எதன் மேல் பட்டதோ, குத்துப்பாட்டு ஒன்று கும்மென்று கிளம்ப, அந்தம்மா கற்பூரத் தட்டோடு துள்ளிவிட்டாராம். எங்கே தொட்டால் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் சாவியைத் திருகி அணைத்தார். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அன்றைக்கே இதையும் சொன்னார். "பழைய செட்டுன்னா கை தானா போவும் சங்கரி. ரோட்டப் பாத்துக்கினே சவுண்டக் கொறைச்சுருவேன். இதுல கண்ணு மொதல்ல போனாத்தான் வெரலு போவுது."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சோப்புக்கு உறை போடுவது. நானும் சேதராப்பட்டில்தான் வேலை பார்க்கிறேன், வேறு கம்பெனியில்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கார் நிற்கும்போது மட்டும்தான் படம் தெரியும். அதற்காகப் பெட்டியிலிருந்து ஒரு வயர் ஹேண்ட் பிரேக்குக்குப் போகிறது. ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினால் படம் வரும். இறக்கினால் பாட்டுச் சத்தம் மட்டும்தான், கண்ணாடி கருத்துவிடும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒருநாள் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்காமல் ஒரு கிளிக் மேலே நின்றுவிட்டது. கார் நகர்கிறது, படமும் ஓடுகிறது. பின்சீட்டில் இருந்த கிருஷ்ணசாமிக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்பிடியே உடு, எறக்காத. இனிமே இப்பிடித்தான்."

"பின் பிரேக்கு உரசும் மொதலாளி. சூடாயிரும்."

"ஒரு கிளிக்ல இன்னாய்யா ஆவப்போவுது? ஓட்டு."

ஊருக்குள் ஓடியவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை நிறுத்தினால் பின் சக்கரத்தில் தீய்ந்த வாடை அடிக்கும். ஆறட்டும் என்று நிழலில் விட்டுவிட்டு வருவார். வாடை வருகிறது என்று இரண்டு முறை முதலாளியிடம் சொல்லவும் செய்தார். காரை வாங்கினவனுக்குத் தெரியாதா என்று பதில் வந்தது. அதற்கு மேல் பேசினால் வீட்டில் அடுப்பு எரியுமா?

விபத்து நடந்த அன்றைக்குச் சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பியிருக்கிறார்கள். வழி முழுக்கப் படம். காலாப்பட்டு வந்ததும் நம் ஊர் டிவி எடுக்க ஆரம்பித்துவிட்டது, கிரிக்கெட் மேட்ச். கருவடிக்குப்பத்தில், மீனையெல்லாம் விற்றுவிட்டு வெறும் அன்னக்கூடையோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தவர் தனக்கொடி. சோலை நகர்க்காரர், என்னைவிட மூத்தவர், புருஷன் இல்லாதவர். கார் அவரை அடித்து, ஓரமாக நின்ற தள்ளுவண்டியில் மோதித்தான் நின்றது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஸ்டேஷனிலிருந்து ஜாமீனில் வந்த என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்கவில்லை. "பிரேக்க மிதிச்சேன் சங்கரி. பெடலு அப்பிடியே உள்ள போயிருச்சி. காத்த மிதிச்ச மாதிரி." இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து காரைச் சோதித்தார். பின் பிரேக் கருகியிருக்கிறது, அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் பிடிக்காமல் போயிருக்கிறது, ஹேண்ட் பிரேக் ஒரு கிளிக் தூக்கியபடியே இருக்கிறது, ஆக டிரைவர் இறக்க மறந்திருக்கிறார், அஜாக்கிரதை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். ஆனால் அவர் வருவதற்குள் டச் ஸ்கிரீன் காணாமல் போய், அந்த இடத்தில் பழைய ரேடியோ உட்கார்ந்திருந்தது. ஸ்டேஷனில் நிற்கிற காரிலிருந்து ஒரு பெட்டி எப்படி எழுந்து நடந்துபோகும்? அதை யாரிடம் போய்க் கேட்பது? முதலாளியின் செல்வாக்கு அப்படி. ஸ்டாண்டில் அன்றைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டான்கள்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஜெயிலுக்கு அனுப்புவார்களோ, லைசென்ஸைப் பிடுங்குவார்களோ என்கிற பயம் ஒரு பக்கம். செய்யாத மடத்தனத்தைத் தலையில் கட்டிவிட்டார்களே என்கிற ஆத்திரம் அதைவிடப் பெரிது. முதலாளி சொல்லித்தான் தூக்கி வைத்தேன் என்று இவர் சொன்னால் யார் நம்புவார்கள்? பெட்டி இருந்தது என்று சொல்ல வேறு ஒரு வாய் வேண்டும்.

முதலில் பெட்டியை மாட்டிய செல்வகுமாரிடம் போனேன். கார் சாமான் கடை, கண்ணாடிக்குப் பின்னால் விதவிதமாக ஸ்கிரீன்கள் மின்னிக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிவிட்டது.

"அக்கா, ஊர்ல எல்லாக் கடையிலயும் அந்த வயர வெட்டித்தான் மாட்டுறாங்க. வெட்டிட்டா கார் ஓடும்போதும் படம் வரும். கஸ்டமரு அதத்தான் கேக்குறான். நான் ஒருத்தன்தான் கம்பெனி புக்குல போட்டுருக்கிற மாதிரி ஹேண்ட் பிரேக்குல குடுக்குறேன். மொதலாளி எவ்ளோ கேட்டாரு தெரியுமா? மாட்டேன்னுட்டேன்."

"யோக்கியமா மாட்டிக் குடுத்தீங்களே, அதாலதான் பிரேக்கு வெந்துச்சு!" என்று கத்தினேன். "வெட்டித் தொலைச்சிருந்தா எம் புருஷன் ஹேண்ட் பிரேக்கத் தொட்டே இருக்க மாட்டாரு!"

 கத்திய பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊரிலேயே ஒழுங்காக வேலை செய்தவரைப் போய், ஏன் ஒழுங்காகச் செய்தாய் என்று திட்டிவிட்டு நிற்கிறேனே, இது என்ன நியாயம்? ஆனாலும் கோர்ட்டுக்கு வந்து பெட்டி இருந்தது என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டார். போலீஸ் கடைப் பக்கம் வந்தால் பிழைப்பு போய்விடும், மன்னித்துவிடுங்கள் என்றார். அதோடு அங்கே கதவு மூடியது.

அடுத்து கிருஷ்ணசாமி வீடு. உட்காரச் சொன்னார், ஃபேனைப் போடச் சொன்னார், காபி வந்தது. பேச்செல்லாம் வெல்லம்தான்.

"வெற்றிவேலு எனக்குத் தம்பி மாதிரிம்மா. அவன நான் உட்ருவனா? நல்ல வக்கீலா பாத்து வச்சிருக்கேன்."

"வக்கீலு வேணாம் மொதலாளி. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். டிவிக்காக நாந்தான் தூக்கி வைக்கச் சொன்னேன்னு."

"எந்த டிவி?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "நான் பின்னால நல்லாத் தூங்கிக்கினு வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வாசலைத் தாண்டும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள், தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். தெருவில் போனவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஆள். காலை இழந்தவரிடம் போய், என் புருஷனைக் காப்பாற்று என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஆனாலும் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சோலை நகர் வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தார் தனக்கொடி. ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, நான் யார் என்பதைச் சொன்னேன். விளக்குமாறு பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் பழத்தையும் தொடவில்லை, என்னையும் விரட்டவில்லை.

"அக்கா, அந்தக் கார்ல டிவி ஓடிச்சா? ஒங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிதாவா?" என்றார். "நான் ரோட்டுல ரத்தத்துல கெடக்குறேன். காருக்குள்ள ஆயிரம் பேரு கை தட்டுறாம்மா. இப்பக்கூட கண்ண மூடுனா அந்தச் சத்தந்தான் கேக்குது."

 பாவி, நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சாட்சி கிடைத்துவிட்டது! கோர்ட்டில் வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன்.

"சொல்றேன். யாரு கேட்டாலும் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்." என்னை நேராகப் பார்த்தார். "ஒம் புருசன் பிரேக்கு புடிக்கலன்னு சொல்றானாமே?"

"ஆமாக்கா. மிதிச்சாரு, புடிக்கல."

"பிரேக்கு புடிக்கலன்னா ஹாரனு அடிக்க வேண்டியதுதான? கைய வெளிய நீட்டிக் கத்த வேண்டியதுதான? ஒரு சத்தமில்லம்மா. முன் கண்ணாடி வழியா அவன் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சிது. குனிஞ்சிருந்தான். அவன் என்னப் பாக்கவே இல்ல. இடிச்சப்புறந்தான் பிரேக்க மிதிச்சிருப்பான்."

நான் எப்படி எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை. ஹாரன்! இத்தனை நாளாக ஊரெல்லாம் சுற்றிச் சண்டை போட்டேனே, இந்த ஒரு கேள்வியை வீட்டில் கேட்க எனக்குத் தோன்றவில்லையே.

என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னால் போய் நின்றேன்.

"யோவ், ஹாரன் ஏன் அடிக்கல?"

நிமிர்ந்து பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மொதலாளி சவுண்டு வைக்கச் சொன்னாரு சங்கரி. அந்தக் கண்ணாடில சவுண்டு எங்க இருக்குன்னு தேடுனேன். ஒரு எடத்தத் தொட்டா படம் பெருசாவுது, இன்னொரு எடத்தத் தொட்டா எழுத்து வருது. தேடிக்கினே இருக்கேன், அப்ப ஒருத்தன் பந்து போட ஓடியாந்தான்." நிறுத்தினார். "பாத்துட்டேன். அந்த ஒரு பந்துதான். சத்தியமா அந்த ஒரு பந்துதான்."

"பிரேக்கு?"

"புடிக்கத்தான் இல்ல. அது பொய்யில்ல. ஆனா மிதிக்கிறதுக்குள்ளயே அந்தம்மா மேல ஏறிட்டேன்."

அடித்தேன். ஆமாம், கட்டின புருஷனைத் தோளிலும் முதுகிலும் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. இருவரும் அழுதோம். அழுது முடித்தபின் நான் ஒன்று சொன்னேன். நடந்தது நடந்தபடி கோர்ட்டில் சொல்லிவிடுங்கள். முதலாளி தூக்கச் சொன்னதையும், பெட்டியைக் கழற்றியதையும், நீங்கள் பந்தைப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். லைசென்ஸ் போனால் போகட்டும். நான் சோறு போடுகிறேன். தனக்கொடி அக்காவும் வந்து சொல்வார். குற்றவாளியாக நின்றாலும் உண்மையான குற்றத்துக்காக நில்லுங்கள் என்றேன். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். சொல்கிறேன் என்றார்.

கோர்ட் நாளன்று நானே ஆட்டோ வைத்து தனக்கொடி அக்காவை அழைத்துவந்தேன். நல்ல புடவை கட்டி, தலைக்குப் பூ இல்லாவிட்டாலும் எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தார். அக்குள் கட்டைகளை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினார். வழியெல்லாம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜட்ஜிடம் ஐயா என்று சொல்ல வேண்டுமா, சார் என்று சொல்ல வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். அவரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போனேன்.

முதலாளி அமர்த்திய வக்கீல் வயதானவர், பழைய பிரெஞ்சுக் குடும்பம், எல்லாரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என் வீட்டுக்காரரின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று ஜட்ஜ் கேட்டார். என் வீட்டுக்காரர் என் பக்கம் ஒருமுறை திரும்பினார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், கடவுளே.

"ஒத்துக்கிறேங்கய்யா. ஹேண்ட் பிரேக்க எறக்க மறந்துட்டேங்கய்யா."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். ஒப்புக்கொண்டுவிட்டால் சாட்சி வேண்டாமாம், விசாரணை வேண்டாமாம். அபராதம் போட்டார்கள். முதலாளி கட்டிவிட்டார். ஜெயில் இல்லை, லைசென்ஸும் தப்பியது. முசே அடுத்த கேஸ் கட்டை எடுத்துக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். டிவி பார்த்து இடித்தவன் என்றால் நாளைக்கு எவனும் வேலை கொடுக்க மாட்டான். மறந்தவன் என்றால் சிரிப்பார்கள், ஆனால் வேலை கொடுப்பார்கள். அந்தக் கணக்கை முசே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

வெளியே வந்தால் கிருஷ்ணசாமி வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"எல்லாம் முடிஞ்சிதும்மா. இனிமே ஒரு கவல வேணாம். அந்தக் கோளாறயும் சரிபண்ணிட்டேன். செல்வகுமாரு மாட்டேன்னுட்டான், வேற கடையில குடுத்துப் பெட்டியத் திரும்ப மாட்டி, வயரயும் வெட்டிட்டேன். இனிமே ஹேண்ட் பிரேக்கத் தொடவே வேணாம், ஓட ஓடப் படம் வரும்."

இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "நல்லா இருங்க மொதலாளி" என்றேன். வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

பெஞ்சில் தனக்கொடி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "என்ன எப்பம்மா கூப்புடுவாங்க?"

"கூப்புட மாட்டாங்கக்கா. முடிஞ்சிருச்சி. ஒத்துக்கிட்டாரு."

"இன்னான்னு ஒத்துக்கிட்டான்?"

சொன்னேன். அவர் மடியில் இருந்த கையை எடுத்துப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப அந்தக் கைதட்டல அவங்க யாரும் கேக்கவே இல்லியா?"

"இல்லக்கா."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். தனக்கொடி அக்கா கட்டையை ஊன்றிச் சிரமப்பட்டு எழுந்து நின்றார். திட்டவில்லை, சாபம் விடவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டார்.

"தம்பி, நிமிந்து என்ன ஒருவாட்டி பாரு."

அவர் கழுத்து நிமிரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "யோவ், அக்கா கூப்புடுறாங்க இல்ல? பாருய்யா!" வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அவர் என் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"மொதலாளி வெயில்ல நிக்கிறாரு சங்கரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.